அப்பா போன பிறகு மலையில் தனியாக இருக்கும் அம்மா: கீழே கூட்டி வருவதா, அங்கேயே விடுவதா?

பூண்டுக்காரி மகள்
24 நவம்பர், இரவு 10.12

இங்கே இதுவரை படிக்க மட்டும்தான் வந்திருக்கிறேன். எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற ரோட்டில், பூம்பாறை தாண்டி. பெயரைச் சொன்னால் யார் வீடு என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகிற ஊர். அப்பாவுக்குப் படிப்படியாக இறங்குகிற ஒன்றரை ஏக்கர் காடு. வைகாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், வண்டி பிடித்துக் கொடைக்கானல் போவதற்குள் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு 61 வயது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தம்பி ஓசூரில்.

முதல் பதினாறு நாள் வீடு கொள்ளாத ஆட்கள். கேதம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படித்தான் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காரியம் முடிந்தது, தம்பி போனான், லீவு தீர்ந்து நானும் கிளம்பினேன். நானும் சொல்லிக்கொள்ளவில்லை என்பது பஸ் வத்தலக்குண்டு தாண்டும்போதுதான் உறைத்தது.

அப்புறம் தினமும் போன். 'சாப்டியாம்மா?' 'சாப்டேன்.' 'என்ன வெச்ச?' 'ரசம்.' ஆறு மாதமாக ரசம்.

தீபாவளி லீவுக்குப் போனேன். துக்க வருடம், பண்டிகை கிடையாது, சும்மா பார்க்கத்தான். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சமையற்கட்டில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பூண்டு விவசாயம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். விதைப் பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே பரண் கம்பில் தொங்கவிடுவோம். விறகுப் புகை பட்டுக்கொண்டே இருந்தால்தான் அடுத்த நடவு வரை நிற்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நாள்பட வைத்தாலும் கெடாது என்று பேப்பரில் எல்லாம் எழுதினார்கள். அதில் பாதிப் பெருமை எங்கள் வீட்டு அடுப்புகளுக்குச் சேர வேண்டும்.

அப்பா பங்குனியில் கட்டிய பூண்டு அப்படியே தொங்கியது. ஒரு கட்டை இறக்கி, ஒரு பூண்டை எடுத்து அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது. பல் இல்லை, தோலும் தூளும்தான். இன்னொன்றில் பச்சை முளை வந்து அதுவும் காய்ந்து நூலாகத் தொங்கியது. வருடக் கணக்காகக் கரி படிந்து மினுமினுத்த கம்பில் ஒட்டடை. அம்மா ஆறு மாதமாக விறகடுப்பை மூட்டவே இல்லை. கேஸில் ஒரு டம்ளர் டீ, கடை பன், அவ்வளவுதான். ரசமெல்லாம் போனிலேயே வைத்த ரசம்.

"ஏம்மா இப்படி?" என்றேன்.

"ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு" என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. பால்காரனிடம் 'நாளைக்கு வேண்டாம்' என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஐப்பசி நடவும் போய்விட்டது. காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரர் குத்தகைக்குக் கேட்கிறார். திருப்பூருக்குக் கூட்டி வந்துவிடலாமா? எங்களுடையது மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. என் கணவர் சரி என்கிறார். அம்மா 'பாக்கலாம்' என்கிறாள். எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். இப்படி யாருக்காவது ஆகியிருந்தால் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பூட்டு
24 நவம்பர், இரவு 10.40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோதரி? கூட்டி வந்துவிடுங்கள். பூம்பாறைப் பக்கம் நான் லோடு எடுக்கப் போயிருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கும். மார்கழியில் உறைபனி வேறு. ராத்திரி வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? நாளைக்கு ஒன்று என்றால் ஊர் உங்களைத்தான் கேட்கும்.

கறிவேப்பிலை
25 நவம்பர், காலை 6.55

பூட்டு அண்ணா, ஊர் கேட்கும் என்பதற்காகச் செய்துதான் நான் சூடு பட்டேன்.

என் மாமியார் தாண்டிக்குடிப் பக்கம். காபியும் மிளகும் ஆரஞ்சும் உள்ள தோட்டத்தில் ஐம்பது வருடம் இருந்தவர். மாமனார் இறந்த ஒரே மாதத்தில் மதுரைக்குக் கூட்டி வந்தோம். மகாராணி மாதிரிதான் வைத்துக்கொண்டோம், ஒரு வேலை செய்ய விடவில்லை. அதுதான் தப்பு என்று இப்போது புரிகிறது. துவைத்து மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிப்பார். பால்கனியில் நின்று 'நம்ம மலை எந்தப் பக்கம்?' என்று தினம் கேட்பார். அந்தப் பக்கம் கல்யாண மண்டபம்தான் தெரியும்.

நாலாவது மாதம் 'மிளகு உதிர்ந்துபோகும்' என்று தானே பஸ் ஏறிவிட்டார். புருஷனை மலையில் இழந்தார், மலையை எங்களால் இழந்தார். சண்டைக்குச் சொல்லவில்லை. முதல் வருடத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள் என்கிறேன்.

செவிலி72
25 நவம்பர், பிற்பகல் 2.20

மேல்மலைக் கிராமங்களில் செவிலியராகப் பல வருடம் நடந்தவள் நான். 'துக்கமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணும் என்னிடம் வந்ததில்லை. தலை கனம், உள்ளங்கால் எரிச்சல், முதுகுவலி, தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். பிரஷர் பார்த்துக்கொண்டே 'வீட்டில் யார் இருக்கா?' என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் முட்டும். பிரஷர் பட்டையைக் கழற்றுவதற்குள் மொத்தக் கதையும் வந்துவிடும். பட்டை கையில் இருக்கிற அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் தன்னைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

உங்கள் அம்மா விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், நீடித்த துக்கம் என்பதைத் தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கும் மிஞ்சியதாக இருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் வருடத் திதி வரைக்கும் துக்கம் என்பது வழக்கம். அதனால் ஆறு மாதம் ஆகிவிட்டதே, நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சாப்பாட்டை விட்டிருக்கிறார், அதைச் சும்மா விடவும் கூடாது. டீயும் பன்னும் என்றால் முதலில் ரத்தம் பாருங்கள். இரத்தச் சோகையிலேயே பாதிச் சோர்வு வரும். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைந்திருக்கிறதா, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறதா, 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா என்று கேளுங்கள். நேராகவே கேட்கலாம். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால் அடுத்த தடவை போகும்போது எடுத்துப் பூட்டி, வேறு யார் பொறுப்பிலாவது விடுங்கள். தனியாக ஆள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம்.

14416 என்பது டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கான இலவச எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசுவார்கள். அம்மா பேச மாட்டார், தெரியும். நீங்கள் பேசுங்கள். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற மகளுக்கும் அது உதவும்.

சுமா கோத்தகிரி
25 நவம்பர், இரவு 8.31

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் படுகர், ஊரை ஹட்டி என்போம். எங்கள் வழக்கத்தில் உங்களுக்கு வித்தியாசமாகப் படக்கூடியதைச் சொல்கிறேன். வெள்ளை எங்களில் கைம்பெண் நிறம் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் உரிய உடுப்பே வெள்ளைதான். மார்கழி-தை வாக்கில் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வந்து பாருங்கள், மலைச்சரிவெல்லாம் வெள்ளையாக இருக்கும், யார் சுமங்கலி யார் இல்லை என்று உடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. மறுமணத்துக்கும் பழைய நாளிலிருந்தே தடை கிடையாது.

சாவில் இன்னொரு சடங்கு உண்டு. இறந்தவர் செய்த, செய்திருக்கக்கூடிய பிழைகளை ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் வரிசையாகச் சொல்லுவார், அது கழியட்டும் என்று ஊரே சேர்ந்து கேட்கும். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருந்தது. இப்போது, நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறது.

இதைக் கேட்டு எங்கள் ஹட்டி சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். பாதி வீடு பூட்டு. பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூரு. என் அத்தைக்கு 67 வயது, மாமா போய் மூன்று வருடம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை. எல்லோரும் ஒரு சுற்றுக்குக் காத்திருந்து மொத்தமாக இலை பறித்துப் போடுவார்கள். அத்தை மட்டும் தினம் பறிப்பார், மூன்று கிலோ, நாலு கிலோ. தினம் எடை போடுகிற இடத்துக்கு நடப்பார். எடை போடுகிற பையன் 'ஏன் பாட்டி, சேர்த்துக் கொண்டாந்தா என்ன?' என்று திட்டுவான். அந்தத் திட்டுக்குத்தான் போகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

பெயரிலி
26 நவம்பர், அதிகாலை 1.05

பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள். நான் மகள் இல்லை, நானே கைம்பெண். 44 வயது. கீழ்ப்பழனி மலையில் சௌசௌப் பந்தல் போட்டிருக்கிறேன்.

எல்லோரும் நல்ல புருஷனை இழந்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் வீட்டுக்காரர் குடித்தே செத்தார். பதினெட்டு வருடம் அடி. செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. கூடி இருந்தவர்கள் 'அழுடி, நெஞ்சுல கட்டிக்கும்' என்று முதுகில் தட்டினார்கள். அழுகை வரவில்லையே என்ற பயத்தில்தான் அழுதேன். அன்று ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு முழுசாகத் தூங்கினேன். அதற்காக அடுத்த இரண்டு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை, அந்தச் சத்தம் இல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒன்பது மணிக்குக் காது தானாக ரோட்டுப் பக்கம் போகும். அந்த ஆள் வேண்டாம், ஆனால் காத்துக்கொண்டிருந்தது உடம்பில் அப்படியே இருக்கிறது. இதை நான் யாரிடம் சொல்ல? 'நல்லதாப் போச்சு' என்பார்கள், இல்லை என்றால் 'அப்படிச் சொல்லாத' என்பார்கள்.

சுமா அக்கா, பிழையைச் சபையில் சொல்லுகிற சடங்கு எங்களுக்கும் இருந்திருந்தால் நான் அன்றைக்கே வாய்விட்டு அழுதிருப்பேன்.

செவிலி72
26 நவம்பர், காலை 7.10

பெயரிலி, சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அது போதும். அன்று தூங்கியதில் ஒரு தப்பும் இல்லை. தனி மடல் திறந்திருக்கிறது, எந்த நேரமும் எழுதுங்கள்.

லைன் வீட்டுப் பொண்ணு
26 நவம்பர், மாலை 5.48

பந்தலூர். எங்கள் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரி. அரசு தேயிலைத் தோட்டம் 1968-ல் தொடங்கியதே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பாட்டியின் தங்கை இலங்கையில் அட்டனிலேயே தங்கிவிட்டார். பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் செத்தாலும் பாட்டிதான் முதலில் ஒப்பாரி எடுப்பார். செத்தவர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கும், நாலாவது அடியில் 'கூடப் பொறந்த கொடியே, கடலுக்கு அந்தப் பக்கம்' என்று தங்கையிடம் போய்விடும். மற்ற பெண்களும் அப்படித்தான். கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி தன் குழந்தைக்கு, ஒருத்தி தன் அம்மாவுக்கு அழுவார்கள். செத்தவருக்கு அழுதது அவர் பெண்டாட்டி மட்டும்தான் என்று தாத்தா கிண்டல் செய்வார். ஆனால் வருடத்துக்கு நாலைந்து தடவை எல்லோருக்கும் அழ ஓர் இடம் இருந்தது. அந்தப் பாட்டு தெரிந்த கடைசி ஆள் எங்கள் லைனில் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது மைக் செட்டு.

பூண்டுக்காரி மகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் அப்பா சாவில் அம்மா பாடினாரா?

பூண்டுக்காரி மகள்
26 நவம்பர், இரவு 9.30

இல்லை.

கீழேயிருந்து இரண்டு பேரைத் தம்பி ஏற்பாடு பண்ணியிருந்தான். மைக்கில் பாடினார்கள். பாட்டில் அப்பாவின் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள், சரியான பெயரை எழுதி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். அம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஸ்பீக்கர் சத்தத்தில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்கும் வரை இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

எல்லோருக்கும் நன்றி. தோட்ட மருந்து விஷயத்தைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், இந்த ஞாயிறு போகிறான்.

இ-சேவை ராஜா
27 நவம்பர், காலை 11.15

உணர்ச்சிப் பேச்சுக்கு நடுவே காகித வேலையை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். வாரிசுச் சான்று வாங்கிவிட்டீர்களா? மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், உயில் இல்லாவிட்டால் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. குத்தகைப் பேச்சு, பட்டா மாறுதல் எதுவானாலும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்களும் தம்பியும் போனிலேயே முடித்துவிட்டு அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். அப்படி எத்தனை அம்மாக்கள் என் கவுண்டரில் வந்து 'எங்க தம்பி கையெழுத்துப் போடணும்?' என்று மட்டும் கேட்டு நின்றிருக்கிறார்கள் தெரியுமா.

பென்ஷனுக்குத் தகுதி இருந்தால் எழுதிப் போடுங்கள். ஆதரவற்ற விதவைகளுக்கான தொகை 2023-ல் 1000-லிருந்து 1200 ரூபாய் ஆயிற்று.

திண்டுக்கல் பூட்டு
27 நவம்பர், காலை 11.32

'விதவை' என்று எழுதாதீர்கள், கைம்பெண் என்று எழுதுங்கள். விதவையில் பொட்டே இல்லை, கைம்பெண்ணில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று கலைஞர் சொன்னதாகச் சொல்வார்கள்.

பெயரிலி
27 நவம்பர், மதியம் 12.04

எழுத்தில் பொட்டு வைத்துவிட்டீர்கள் சரி. போன மாதம் என் தங்கை மகள் சீருக்கு நான் தாம்பாளத்தைத் தொட்டபோது கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். வாங்கியது என் சொந்த அண்ணி.

திண்டுக்கல் பூட்டு
27 நவம்பர், மதியம் 12.20

மன்னிக்கணும் அக்கா. எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கறிவேப்பிலை
29 நவம்பர், காலை 9.47

ஒரு யோசனை. அம்மாவுக்கு உதவி செய்யாதீர்கள், அம்மாவிடம் உதவி கேளுங்கள். என் மாமியாரிடம் நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். காபிப்பொடி கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மாதம் ஒரு கிலோ வறுத்து அரைத்து அவர்தான் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார். அனுப்பத் தாமதமானால் நான் சண்டை போடுவேன், வேண்டுமென்றேதான்.

பூண்டுக்காரி மகள்
22 டிசம்பர், இரவு 10.50

கறிவேப்பிலை அக்கா சொன்னதைச் செய்து பார்த்தேன். 'அம்மா, பூண்டு ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிடேன், இங்க கிடைக்கிறது நல்லாவே இல்லை' என்றேன். 'திருப்பூர்ல பூண்டா கிடைக்கல?' என்றாள். சட்னிப் பொடி கேட்டேன். 'மிக்சி இருக்குல்ல உன்கிட்ட.' என் நடிப்பு அவ்வளவு மோசம் போலிருக்கிறது.

போன வாரம் இரண்டு நாள் போய் இருந்தேன். சரியான பனி, விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவினது போல. ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.4. சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். செவிலி அக்காவுக்குக் கோடி கும்பிடு.

ராத்திரி ஒரு விஷயம் கவனித்தேன். அப்பாவின் ரேடியோவை அம்மா அணைப்பதே இல்லை. கோடைப் பண்பலை, 100.5. நிகழ்ச்சி முடிந்து வெறும் இரைச்சல் வரும், அதற்கும் அணைப்பதில்லை. நான் எழுந்து போய் அணைத்தேன். இருட்டிலிருந்து 'இருக்கட்டும் பாப்பா' என்றாள். அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார், இவள்தான் திட்டிக்கொண்டே எழுந்து அணைப்பாள். முப்பத்தேழு வருடமாக. திரும்பவும் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் படுத்தேன். இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் தூங்காமல் கிடந்தோம்.

திருப்பூருக்குக் கூப்பிடுவதைத் தற்சமயம் நிறுத்தி வைத்திருக்கிறேன். வைகாசியில் திதி முடியட்டும்.

சுமா கோத்தகிரி
23 டிசம்பர், காலை 8.02

'இருக்கட்டும்' என்றாவது சொன்னாரே. என் அத்தையிடம் அதுகூட வராது. ஹெத்தை பண்டிகை முடிந்து எழுதுகிறேன், வீடு நிறைய ஆள்.

பூண்டுக்காரி மகள்
18 மார்ச், இரவு 9.15

ரொம்ப நாள் ஆயிற்று. இழையைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

எங்கள் மேல்வீட்டு அத்தையைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. முறைத் தண்ணீர்த் தகராறில் ஒன்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. யாரோ ராத்திரியில் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டார்கள், யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. மாமா இறந்து நாலு வருடம். அப்போது அம்மா போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்ததோடு சரி. அப்பா சாவுக்கு அத்தை வந்து பின்கட்டில் உட்கார்ந்திருந்தார், யாரிடமும் பேசவில்லை.

அத்தைக்கு அரசாங்க வீடு கிடைத்து, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டு, கேஸ் அடுப்பு வைத்துவிட்டார். பளபளவென்று இருக்கிறது. பரண் கிடையாது, புகை கிடையாது. இந்த மாதம் பூண்டு எடுத்தார்கள். விதைக்கு வைத்ததை எங்கே தொங்கவிடுவது?

இனி அம்மா போனில் சொன்னது. அத்தை எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். படி ஏறவில்லை. அம்மாவைப் பார்க்காமல், திண்ணையில் படுத்திருந்த நாயிடம் சொன்னாராம்: "இந்த வீட்டுப் பரண் சும்மாத்தான் கெடக்கு."

அம்மா கோழியிடம் சொன்னாளாம்: "அடுப்பு மூட்டுனாத்தான புகை."

மறுநாள் விடியற்காலை வாசலில் ஒரு கட்டுச் சீகை விறகு. அதற்கு மறுநாள் ஒன்று. மூன்றாவது நாள் அம்மா பரண் கம்பைத் துடைத்து, அப்பா கட்டிய பழைய பூண்டை இறக்கிவிட்டாள். தூக்கிப் போட்டாயா என்று கேட்டேன். இல்லையாம், அவரைக்காய்ப் பந்தல் அடியில் புதைத்தாளாம். கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு நன்றாக அழுதாளாம். 'ராகமா வந்துச்சு பாப்பா' என்றாள். லைன் வீட்டுப் பொண்ணு, இது உங்களுக்காக எழுதியது.

இப்போது பரண் முழுக்க அத்தையின் பூண்டு. தினம் சாயங்காலம் 'புகை சரியா படுதா' என்று பார்க்க அத்தை வருகிறார். நேற்று நான் போன் பண்ணியபோது பின்னாலிருந்து அத்தையின் குரல், 'அந்தக் கட்டை உள்ள தள்ளு, எரியாம கெடக்கு'. அம்மா, 'எனக்குத் தெரியும்'. அடுப்பு சும்மா எரிகிறதே என்று ஒரு சட்டியையும் வைத்துவிடுகிறாள். நேற்று அவரைக்குழம்பு. 'போன வை, தீயுது' என்று அவளே கட் பண்ணினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ரேடியோ இன்னும் ராத்திரி முழுக்க ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டாள், அன்று அப்பா கறி எடுத்து வருகிற நாள். தண்ணீர்த் தகராறும் தீரவில்லை. மடையைத் திறந்தது நீதான் என்று போன வாரம்கூட அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு சண்டை நடந்திருக்கிறது. வைகாசித் திதிக்கு நானும் தம்பியும் போகிறோம், மைக் செட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செவிலி72
18 மார்ச், இரவு 9.52

சந்தோஷம். மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் இன்னொரு தடவை ரத்தம் பாருங்கள். புகையில் இரண்டு பேருமே வயதானவர்கள், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

பெயரிலி
19 மார்ச், அதிகாலை 12.40

இரண்டு முறை படித்தேன். எனக்கும் எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், ஐந்து வருடமாகப் பேச்சில்லை. எங்கள் வீட்டில் நாயும் இல்லை கோழியும் இல்லை, யாரைப் பார்த்துப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

திண்டுக்கல் பூட்டு
19 மார்ச், காலை 8.25

பெயரிலி அக்கா, அடுத்த வாரம் அந்தப் பக்கம் சௌசௌ லோடுக்கு வருகிறேன், வேண்டுமானால் நாலு கோழிக்குஞ்சு இறக்கிவிட்டுப் போகிறேன்.

பூண்டுக்காரி மகளே, கூட்டி வந்துவிடுங்கள் என்று முதலில் எழுதியவன் நான்தான், அதை வாபஸ் வாங்குகிறேன். புகை போட்ட பூண்டு இரண்டு கிலோ எனக்குக் கிடைக்குமா? வீட்டில் கேட்கிறார்கள். என்ன விலை?

பூண்டுக்காரி மகள்
19 மார்ச், இரவு 8.44

அம்மாவிடம் கேட்டேன். அது அத்தையோட பூண்டு, அவளிடம் கேள் என்கிறாள். போனை அத்தையிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். புகை போட்டது உங்கம்மா, அவகிட்ட கேளு என்கிறார்.